லாரி ஓட்டுநரின் பக்கத்தைக் காத்தவளுக்கு

இன்று காலை மூன்றாவது கேபினின் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினேன். ரொட்டித் தூள் கொட்டியது. மேல்தோல் முறுகலாக, முழங்கை நீளத்துக்கு இருக்குமே நம்ம ஊர் ரொட்டி, அதன் தூள்தான். சுத்தம் செய்யத்தான் கவிழ்த்தேன். ஆனால் துணியை எடுத்துத் துடைக்க மனசு வரவில்லை. ரயில் டிக்கெட் எடுக்க வந்து நின்ற ஒருவரை அடுத்த கேபினுக்கு அனுப்பிவிட்டு, நான் அங்கேயே உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எலி வரும்டி, இங்க வெச்சுத் திங்காத" என்று நான் கத்தாத நாள் உண்டா? "வரட்டுமே, அதுவும் வந்து படிக்கட்டும்" என்பாய். அதற்கும் ஒரு சிரிப்பு. உன்னிடம் கோபப்பட்டு நான் ஜெயித்ததாக சரித்திரமே கிடையாது.

அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு வீட்டின் முன்பக்கத்தைத் தட்டியெடுத்து இந்த பிரவுசிங் சென்டரைப் போட்டோம். புதுச்சேரியில் எங்கள் உப்பளம் பகுதியில் அப்போது அதுவே பெரிய விஷயம். நீ இரண்டு தெரு தள்ளி இருந்தாய். உன் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். கல்யாணமாகி பிரான்சுக்குப் போகப்போகிற பெண்களுக்கு நீ வீட்டில் பிரெஞ்சு டியூஷன் எடுத்தாய். பாரிசில் இருக்கும் அண்ணனுக்கு மெயில் அனுப்ப வந்தவள், மெயிலை முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டாய். என்னதான் செய்கிறாள் என்று பின்னால் வந்து எட்டிப் பார்த்தேன். தமிழில் தட்டிக்கொண்டிருந்தாய். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம். பிரெஞ்சிலும் எழுதுவாய், தமிழிலும் எழுதுவாய். சம்பளம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாய். உனக்குப் பைத்தியம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அதில் உப்பளத்தைப் பற்றி யாரோ எழுதியிருந்ததைக் காட்டினாய். உப்பளம் கடலூரில் இருப்பதாகப் போட்டிருந்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "திட்டாதே, திருத்து" என்றாய். திருத்தினேன். கூடவே எங்கள் தெருவைப் பற்றியும், மில் சங்கு ஊதினால் தெருவே எழுந்துகொள்ளும் என்பதைப் பற்றியும் நாலு வரி சேர்த்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கடலூரைத் திருத்தியது அப்படியே இருந்தது, என் நாலு வரி மட்டும் போயிருந்தது. சான்று இல்லை என்று காரணம் போட்டு யாரோ நீக்கியிருந்தார்கள்.

"நான் பொறந்த தெருடி இது. நானே சான்று" என்றேன்.

"நீ சான்று இல்லடி. நீ வெறும் ஆளு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

அதுதான் அங்கே முதல் சட்டம். நமக்குத் தெரியும் என்பதற்காக எதையும் எழுதக் கூடாது. ஏற்கெனவே புத்தகத்திலோ பேப்பரிலோ அச்சாகி வந்திருக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் கோபத்திலேயே தினமும் உட்கார ஆரம்பித்துவிட்டேன். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நீ மூன்றாவது கேபினில், நான் கல்லாவில். தடுப்புப் பலகைக்கு மேலாகக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டே எழுதினோம். எனக்கு அப்படி ஒரு தோழி அதற்கு முன்னால் இருந்ததில்லை, பிறகும் இல்லை.

அந்த லாரி ஓட்டுநரின் பக்கத்தை நீதான் ஆரம்பித்தாய். நோணாங்குப்பம் தாண்டி ஒரு கிராமத்துக்காரர். வளைகுடாவில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டப் போனவரை, பக்கத்தில் போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்குள் சரக்கோடு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஒரு ஆயுதக் கூட்டம் அவரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு, கம்பெனி அந்த நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றது. அந்த நாட்களில் ஊரே டிவி முன்னால்தான் கிடந்தது. கொன்றுவிட்டார்கள் என்று ஓடும். இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று ஓடும். பிறகு மறுபடியும் முதலில் சொன்னதே ஓடும். ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ யாராவது ஓடிவந்து, நம் பக்கத்தில் அவர் இறந்த தேதியைப் போட்டுவிட்டுப் போவார்கள். நீ எடுத்துவிடுவாய்.

"டிவியிலயே சொல்லிட்டான், நீ எதுக்கு எடுக்குற?" என்று கேட்டேன்.

"டிவி சொல்லுச்சுன்னு எழுதலாம். செத்துட்டாருன்னு எழுத முடியாது. அரசாங்கம் சொல்லட்டும், வூட்ல சொல்லட்டும். அவங்க வூட்லயும் டிவி இருக்கும்டி. நாம வேற சேந்து தெனம் சாவடிக்கணுமா?"

கடைசியில் அரசாங்கமே சொல்லிவிட்டது. அன்றைக்கு நீ தேதியைப் போட்டுவிட்டு, ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாய்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. கொன்றவர்கள் அதைப் படம் பிடித்து வெளியிட்டிருந்தார்கள். ஒருவர் அந்தப் படத்துக்குப் போகும் இணைப்பைக் கொடுத்தார். இன்னொருவர் அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் பக்கத்தின் தலையிலேயே ஒட்டினார். வேறொருவர், 'மரண தண்டனை நிறைவேற்றினர்' என்று எழுதினார். "தண்டனை குடுக்க அவன் என்னா ஜட்ஜா? கொன்னான், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே நீ அதைக் 'கொன்றனர்' என்று மாற்றியது எனக்கு இன்னும் கேட்கிறது. எழுதுகிறவர்கள் தங்களுக்குள் வாதாடும் உரையாடல் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி உன்னைப் பிடித்துக்கொண்டார். கலைக்களஞ்சியம் எதையும் மறைக்கக் கூடாது, நீங்கள் செய்வது தணிக்கை என்று பக்கம் பக்கமாக எழுதினார். எனக்கு ரத்தம் கொதித்தது. நீ நிதானமாகப் பதில் எழுதினாய். 'எதையும் மறைக்கவில்லை. பிடித்தார்கள், கொன்றார்கள், அதைப் படமாக வெளியிட்டார்கள் என்று மூன்றையும் எழுதியிருக்கிறோம். அந்தப் படம் ஊரெல்லாம் போக வேண்டும் என்பதற்காகவே அவர்கள் கொன்றார்கள். அதைச் சுமந்து கொடுக்கும் வேலை நமக்கு வேண்டாம்.' தம்பி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து உன் பக்கம் நின்றார்கள். படம் போனது.

அந்த வேகத்தில்தான் நாம் இன்னொன்றும் செய்தோம். அந்த வீட்டு வாசலில் கேமராக்காரர்கள் முகாம் போட்டிருந்ததை டிவியில் பார்த்தோமே, உனக்கு அது தாங்கவில்லை. இந்தப் பக்கம் காலத்துக்கும் இருக்கப் போகிறது, ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு எவனாவது போய்க் கதவைத் தட்டுவான் என்றாய். ஊர்ப் பெயரை எடுத்தாய். நான் மனைவி, பிள்ளை பெயர்களை எடுத்தேன். அவர் பெயரும் 'புதுச்சேரியைச் சேர்ந்த ஓர் ஓட்டுநர்' என்பதும் மட்டும் மிச்சம் இருந்தன. அன்றைக்கு நமக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு குடும்பத்தை வெயிலிலிருந்து நிழலுக்குக் கொண்டு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், பக்கத்து அரசாங்க அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். கையில் மஞ்சள் பை. ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

"யக்கா, எங்க வூட்டுக்காரர் பத்தி இதுல போட்டுருக்காங்களாமே. ஊர்ல பசங்க சொன்னானுங்க. கொஞ்சம் காட்டுறியா?" என்றாள்.

அந்த ஓட்டுநரின் பெயரைச் சொன்னாள். தடுப்புக்கு மேலே உன் தலை நிமிர்ந்தது. நீதான் எழுந்து வந்து, அவளை உன் நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தைத் திறந்தாய். திறக்கும் முன் நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். யாராவது அன்றைக்கு அந்தப் படத்தை மறுபடி ஒட்டியிருந்தால் என்ன ஆவது என்ற பயம். நல்லவேளை, இல்லை.

அவள் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நாம் இரண்டு பேரும் பரீட்சை எழுதிவிட்டு நிற்பதைப் போலப் பின்னால் நின்றோம். படித்து முடித்துவிட்டு மறுபடியும் மேலே போனாள்.

"எங்க ஊர் பேரு இல்ல" என்றாள். "எம்பேரு இல்ல. ஓர் ஓட்டுநருன்னு போட்டுருக்கு. அவருக்கு ஊரு இல்லியா, பொண்டாட்டி புள்ள இல்லியா? அநாதையா அவரு?" பிறகு விரலைக் கீழே கொண்டுபோய் நீல எழுத்தில் இருந்த அந்த ஆயுதக் கூட்டத்தின் பெயரில் வைத்தாள். "அவனுங்களுக்கு மட்டும் பேரு இருக்குது. தொட்டா வேற பக்கமே தெறக்குது."

"நாங்கதாம்மா எடுத்தோம்" என்றாய். வேறு யாராவது என்றால் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டிருப்பார்கள், நானும் போட்டிருப்பேன். உனக்கு அந்தப் புத்தியே வராது. உங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்றுதான் எடுத்தோம் என்று விளக்கினாய்.

"எங்களக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உலகத்தில் யாரோ போட்ட ஒரு கமாவுக்காக நாள் கணக்கில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம். பஸ் ஏறினால் அரைமணியில் போய்விடக்கூடிய ஒரு வீட்டில் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

அதோடு அவள் விடவில்லை. 'ஆபத்து தெரிந்தே, கூடுதல் சம்பளத்துக்காகச் சென்றார்' என்று ஒரு வரி இருந்தது. கம்பெனி அப்படிச் சொன்னதாகப் பேப்பரில் வந்திருந்தது, அதைச் சான்றாகக் காட்டி யாரோ சேர்த்திருந்தார்கள். அந்த வரியில் விரலை வைத்து அழுத்தினாள். "உள்ளூர்ல ஓட்டுற வேலன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனான். எல்லையத் தாண்டறதுக்கு முன்னாடி போன் பண்ணி, ஏமாத்திட்டானுங்க, பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிகிட்டானுங்கன்னு எங்கிட்ட அழுதாரு. ஊர்ல எல்லாம் துட்டுக்கு ஆசப்பட்டுப் போய்ச் செத்தான்னு பேசுறாங்க. எம்புள்ள நாளைக்கு இதப் படிச்சா அதத்தான நெனைக்கும். இத மட்டும் மாத்திடு."

நீ அந்தச் சட்டத்தைச் சொன்னாய். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது அந்தச் சட்டம்தான்.

"அவர் எங்கிட்ட பேசினாரு. நான் சொல்றது செல்லாது. கம்பெனிக்காரன் சொன்னா செல்லும்?"

நான் குறுக்கே புகுந்தேன். "நீ போம்மா, நான் மாத்துறேன்" என்றேன். அவள் போனதும் நமக்குள் வந்த சண்டை மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள், அந்த வரியைத் தூக்கிவிட்டு அவள் சொன்னதைப் போடுகிறேன் என்றேன். நீ கீபோர்டின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டாய். "போட்டா நாளைக்கு எவனாவது எடுப்பான்டி. சான்று இல்லன்னு எழுதி எடுப்பான். அந்தம்மா சொன்னது பொய்ன்னு ஆயிடும்" என்றாய். உனக்கு மனுஷங்களை விடச் சட்டம் பெரிசாப் போச்சு என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த சில நாள் மூன்றாவது கேபினில் வேறு யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

நீ எங்கே போயிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. உன்னிடம் பிரெஞ்சு படித்த ஒரு பெண்ணின் கணவர் பேப்பரில் நிருபர். அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த ஊருக்குப் போயிருக்கிறாய். கேமரா வேண்டாம், பேச்சு மட்டும் என்று வழியெல்லாம் அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். நாம் எழுதுவதற்காக நாமே போய்ச் செய்தியை உண்டாக்குவது சரியா என்று உரையாடல் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் திட்டும் வாங்கியிருந்தாய். அதை ஒளித்திருந்தால் என்ன? உன்னால் முடியாது.

அவள் சொன்னது பேப்பரின் உள்பக்கத்தில், தங்க விலைக்குக் கீழே, சின்னதாக வந்தது. நீ அந்தப் பேப்பரைக் கல்லா மேல் வைத்துவிட்டு உன் இடத்துக்குப் போனாய். நான் டீ வாங்கி வந்து வைத்தேன். அவ்வளவுதான் நம் சமாதானம்.

அவளிடம் கேட்டு வந்ததையும் செய்தாய். ஊர்ப் பெயரைப் போடு என்றாளாம். தன் பெயரையும் போடு என்றாளாம். "புள்ள பேரு வேணாம், இஸ்கூல்ல கேப்பாங்க" என்றாளாம். பாதி சரியாகத்தான் செய்திருந்தோம் என்று உன்னைத் தேற்றப் பார்த்தேன். கேட்காமல் செய்தது பாதியும் சரி இல்லை என்றாய். கம்பெனி சொன்ன வரியை எடுக்க முடியவில்லை, அதற்கும் சான்று இருந்தது. அதை அடுத்து, அவர் மனைவி இதை மறுக்கிறார் என்று எழுதி, அவள் சொன்னதைப் போட்டாய்.

அடுத்த மனுவுக்கு வந்தபோது அவள் அதைப் படித்தாள். தன் பெயரில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "அவன் சொன்னது ஒரு வரி, நான் சொன்னது ஒரு வரி. அவரு இருந்து சொல்லியிருந்தா ரெண்டு வரியும் வேண்டியிருக்காது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். நீ அவளைப் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய் விட்டு வந்தாய். வந்து அழுதாய்.

அதற்குப் பிறகு எந்த நாட்டில் எந்தப் பிணையாளி கொல்லப்பட்டாலும் தமிழிலும் பிரெஞ்சிலும் நீ போய் நிற்பாய். படத்தை ஒட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டுவாய். "அந்தம்மா வெரல் வெச்சுப் படிக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் படி" என்பாய் என்னிடம். இப்போதும் அப்படித்தான் படிக்கிறேன். அந்தப் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறேன். வேறு எங்காவது இப்படி ஒரு செய்தி வந்தால் இங்கேயும் யாராவது வந்து கை வைப்பார்கள். எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று உன்னை மாதிரியே கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன். பாதிதான் வருகிறது.

உனக்கு உடம்புக்கு வந்ததும் பெரியாஸ்பத்திரியில் கிடந்ததும் எழுத வேண்டாம். அதையெல்லாம் எழுதுவது உனக்குப் பிடிக்காது. கடைசியாக நான் வந்திருந்தபோது, "பாத்தியா?" என்று மட்டும் கேட்டாய். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. "பாத்தேன், சுத்தமா இருக்கு" என்றேன். உப்பளம் கல்லறையில் உன்னை வைத்துவிட்டு வந்து கடையைத் திறந்ததும், மூன்றாவது கேபினில் யாரோ வந்து உட்கார்ந்து பரீட்சை ரிசல்ட் பார்த்தார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும். அங்கே நீ வைத்துக்கொண்டிருந்தது புனைபெயர். உன் நிஜப் பெயர் அவர்கள் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் உன்னைக் காணவில்லை என்றதும் ஒவ்வொருவராக உன் புனைபெயரில் இருந்த உரையாடல் பக்கத்துக்கு வந்து நலமா என்று கேட்டார்கள். யாரோ எதையோ கேள்விப்பட்டு, காலமானார் என்று எழுதி ஒரு மெழுகுவர்த்திப் படத்தை வைத்தார். மறுநாளே அதை இன்னொருவர் நீக்கினார். யார் தெரியுமா? உன்னோடு தணிக்கை என்று சண்டை போட்டாரே, அதே தம்பி. 'உறுதியான தகவல் இல்லாமல் ஒருவர் இறந்துவிட்டதாக எழுதக் கூடாது, இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்' என்று காரணம் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கடையில் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார். அக்கா, நீங்கள் இருவரும் ஒரே ஊர் என்று நினைக்கிறேன், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டார். உறுதியானால் வழக்கப்படி உன் பக்கத்தில் அறிவிப்பு வைத்து, இனி யாரும் மாற்ற முடியாமல் பூட்டிவிடுவார்கள். உன் அப்பா பேப்பரில் கொடுத்த மரண அறிவிப்பு என் கல்லாவில் இருக்கிறது. உன் படம் போட்டு, உன் நிஜப் பெயர் போட்டு வந்தது. அந்தப் பெயரும் கலைக்களஞ்சியத்தில் இருக்கும் புனைபெயரும் ஒருத்திதான் என்று சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். எது உண்மையோ அதை எழுத வேண்டும் என்பாய், தெரியும். நேற்றும் அவர் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு சொல் தட்டிவிட்டு, சேமிக்காமல் மூடிவிட்டேன்.

என்னைத் திட்டிக்கொள். அந்தக் கலைக்களஞ்சியத்தில் நீ கொஞ்ச நாளாக எழுத வராமல் இருக்கிறாய், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இரு.